கறுப்பு எழுத்துக்கு சிவப்பு மை கேட்ட பிரின்டர்

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ப்ராஜெக்ட்டை பிரின்ட் எடுத்து சாயங்காலத்துக்குள்ள காலேஜ்ல குடுக்கணும். குடுக்கலன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க.

வீட்லயே பிரின்டர் இருக்கு, நமக்கென்ன கவலைன்னு கால்மேல கால் போட்டுகினு பட்டனை அமுக்கினேன்.

"சிவப்பு மை காலி"ன்னு வந்துது.

வரட்டுமே! என் ப்ராஜெக்ட் முழுக்க கறுப்பு எழுத்து. ஒரு பொட்டு சிவப்பு கிடையாது. கறுப்பு மை ரொம்பி வழியுது. ஆனா சிவப்பு இல்லாம கறுப்பையும் அடிக்கமாட்டாராம் துரை!

வித்த கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"ஏங்க, கறுப்பு எழுத்துக்கு சிவப்பு மை எதுக்குங்க?"

"அது அப்படித்தாம்மா. கம்பெனி டிசைன்."

"உங்க வீட்ல மிளகாத்தூள் தீந்துட்டா பால் காய்ச்சமாட்டீங்களா?"

"கோவப்படாதம்மா. கார்ட்ரிட்ஜ் சென்னையிலேர்ந்து நாளன்னிக்கு வந்துடும்."

"வெறும் மையை ஊத்திக்கலாமா?"

"வெளி மைய மெஷின் ஒத்துக்காதும்மா."

"பிரவுசிங் சென்டர்ல போய் எடுத்துக்கோயேன்டி"ன்னாங்க அம்மா.

ஒரு டப்பாகிட்ட தோக்கறதா? நானா?

அப்பதான் சித்தப்பா எட்டிப் பாத்தாரு. "இன்னாம்மா கத்திகினு இருக்கே?"

"சிவப்பு இல்லையாம் சித்தப்பா."

எங்க வீடு பட்டு நெசவுக்கார வீடு. அவரு பட்டுநூலுக்கு சாயம் போடறவரு. அவர்கிட்ட போய் சிவப்பு இல்லன்னா விடுவாரா?

"நம்ம வீட்லயா? இரு!"

ஜல்தியா ஓடி, அரக்கு சாயத்தை ஒரு சொம்புல கொண்டாந்தாரு. ஆவி பறக்குது!

"இன்னாத்துக்கு சித்தப்பா கொதிக்குது?"

"சூடா இருந்தாத்தாம்மா சாயம் புடிக்கும்."

"இது பட்டு இல்ல, பிளாஸ்டிக்!"

"எதுவா இருந்தா இன்னா? சாயம் சாயம்தான்."

நான் படிச்ச பொண்ணு. நல்லா யோசிச்சேன். யோசிச்சிட்டு சிரிஞ்சை எடுத்து நீட்டினேன்.

சாயத்தை ஏத்தினதும் சூட்டுல கார்ட்ரிட்ஜ் லேசா நெளிஞ்சுது. மூலையில கசிஞ்சுது. துடைச்சு உள்ள சொருகினேன்.

"சிவப்பு மை காலி."

"யோவ்! கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருக்கேன், காலியா?"

கோவத்துல பட்டனை அமுக்கினவ விரலை எடுக்கவே இல்ல. திட்டி முடிக்கிற வரைக்கும் நசுக்கிகினே இருந்தேன். எனக்குத் திட்டு சீக்கிரம் முடியாது.

திடீர்னு 'கர்ர்ர்'ன்னு பேப்பரை இழுத்துச்சு! பட்டனை அப்படி விடாம அமுக்கினா, மை காலின்னாலும் அடிச்சிடுமாம்; அப்புறம்தான் தெரிஞ்சுது.

நானும் சித்தப்பாவும் குதிச்ச குதியில, தறிதான் ஒடைஞ்சுதுன்னு அம்மா ஓடியாந்தாங்க.

பேப்பர் வந்துது. நடுவுல கறுப்பு எழுத்து, பளிச்சுன்னு. ரெண்டு ஓரத்துலயும் மேலேர்ந்து கீழ வரைக்கும் அரக்குப் பட்டை! கசிஞ்ச சாயம் உருளையில ஏறிடுச்சு. அடுத்த பேப்பரும் அப்படியே. எல்லாமே அப்படியே!

"பார்டர் எவ்ளோ நேரா உழுந்திருக்கு பாரு!" சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கல.

அழறதுக்கு எங்க நேரம்? அப்படியே பைண்ட் பண்ணிகினு, செவந்த கையோட பஸ் புடிச்சேன்.

எங்க மேடமும் நெசவுக்கார வீடுதான். பக்கம் பக்கமா பிரட்டினாங்க. என் கையைப் பாத்தாங்க. கண்ணாடியைக் கழட்டினாங்க.

"பார்டர்லாம் ஜோரா இருக்கு. முந்தி எங்கடி?"

மொத்த கிளாஸும் கொல்லுன்னு சிரிச்சுது. நல்லவேளை, வாங்கிகிட்டாங்க.

வீட்டுக்கு வந்து பாத்தா மேசை சிவப்பு, தரை சிவப்பு, சித்தப்பா வேட்டி சிவப்பு.

பிரின்டர் மட்டும் இன்னும் "சிவப்பு மை காலி"ன்னுதான் சொல்லிகினு இருக்கு.