ஞாபகார்த்த ஸ்கூட்டர்

முதலில் ஒரு விடுகதை. நாலு சில்லு இருக்கிறது, ஆனால் வாகனம் இல்லை. ஆள் இருக்க இடம் இருக்கிறது, ஆனால் கதிரை இல்லை. கடைக்குப் போகும், கோயிலுக்குப் போகும், பள்ளிக்கூட வாசலுக்கும் போகும். பூங்காவுக்குள் மட்டும் போகாது. அது என்ன?

அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். தீவக ஆனந்தக் களிப்புப் பூங்காவின் முகாமைத்துவக் குழு இதற்கு விடை காண நாலு கூட்டம் வைத்தது. நாலு கூட்டத்திலும் வடையும் தேநீரும் வழங்கப்பட்டன. அப்படியிருக்க, வடை கூட இல்லாமல் நீங்கள் கண்டுபிடித்துவிடுவது குழுவை அவமதிப்பதாகும்.

அந்த நாலு சில்லுச் சாமான் சரவணை என்ற ஊரில் தையல் வேலை செய்யும் அஜந்தாவுடையது. சின்ன வயதில், யுத்தத்துக்குப் பயந்து ஊரோடு சேர்ந்து ஓடிய ஒரு நாளில் காயம் பட்டு, அவளுடைய கால்கள் இரண்டும் பலம் இழந்தன. நெடுங்காலம் ஊன்றுதடியோடு சமாளித்தாள். போன வருடம் யாழ்ப்பாணத்துக்குப் போய், பற்றறியில் ஓடும் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கி வந்தாள். சிவப்பு நிறம். ஒரு இருக்கை, ஒரு கைபிடி, முன்னுக்கு ஒரு கூடை. முழு வேகத்தில் விட்டால், வழியில் நிற்கும் கோழி நன்றாக யோசித்து, எந்தப் பக்கம் போவது என்று தீர்மானித்து, விலகிப் போக நேரம் இருக்கும்.

மகள் கஜனிக்கு எட்டு வயது. அவளுடைய வகுப்பில் தனுஜன் என்றொருவன் பூங்காவுக்குப் போய் ராட்டினத்தில் ஏறிவிட்டு வந்தான். உச்சியில் இருந்து பார்த்தபோது நயினாதீவுக் கோபுரம் தெரிந்ததாம், அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி தெரிந்ததாம். "உங்கட வீடு மட்டும் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டான்.

தெரியாத வீட்டில் ஒரு பிள்ளை எப்படி நிம்மதியாக இருக்கும்? கஜனி தானே ஏறிப் பார்க்க வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் ஒருவரோடுதான் ஏறலாம் என்பது பூங்காவின் விதி. தகப்பனுக்குக் கட்டார் நாட்டில் வேலை. ஆகவே அம்மாதான் ஏற வேண்டும்.

அதில் ஒரு கஷ்டமும் இல்லை. சில்லில் வருபவர்கள் அப்படியே ஏறட்டும் என்று, ராட்டினத்தில் ஒரு பெட்டிக்கு அகலக் கதவு வைத்துத்தான் செய்திருந்தார்கள். திறப்பு விழாவன்று மிஞ்சிய மாலைகளை அதற்குள் போட்டுப் பூட்டியிருந்தார்கள். அவ்வளவுதான்.

"ஞாயிற்றுக்கிழமை ஏறுவம்" என்றாள் அஜந்தா.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் முகாமையாளர் சசிகரன் இருந்தார். நெஞ்சில் பெயர்ப் பட்டி. மேசையில் ஒரு கட்டுப் படிவம். எல்லாப் படிவத்துக்கும் அவர் காலையிலேயே முத்திரை குத்தி வைத்துவிடுவார், பகலானால் கடற்காற்றுக்கு மை காய்ந்துவிடும் என்பதால்.

"அக்கா, இது வாகனமோ, கதிரையோ?"

"இது ஸ்கூட்டர் தம்பி."

"அது எனக்குத் தெரியுது. படிவத்திலை ரெண்டு கட்டம்தான் கிடக்கு. வாகனமெண்டால் வாகனத் தரிப்பிடத்திலை விட்டிட்டு நடந்து வரவேணும். கதிரையெண்டால் வெளிக் கதிரை உள்ளுக்குக் கொண்டுவர ஏலாது. உள்ளுக்கு நாங்கள் வாடகைக்குக் குடுக்கிறம்."

"நடக்க ஏலுமெண்டால் நான் ஏன் தம்பி இதிலை வாறன்?"

"அக்கா, நான் உங்களை மறிக்கேல்லை. ஸ்கூட்டரைத்தான் மறிக்கிறன். நீங்கள் தாராளமாய் உள்ளுக்குப் போகலாம்."

"எப்பிடிப் போறது?"

"அதிலை நாங்கள் தலையிடுறதில்லை. அது உங்கட சுதந்திரம்."

அஜந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கஜனி பக்கத்தில் நின்றதால் சிரிப்பை வைத்துக்கொண்டு, கோபத்தைக் கடிதமாக எழுதித் தருவதாகச் சொன்னாள். சசிகரன் மகிழ்ச்சியோடு ஒரு படிவத்தை நீட்டினார்.

"ஒண்டும் எழுத முன்னமே முத்திரை குத்திக் கிடக்கே?" என்றாள் அஜந்தா.

"முத்திரை முதல், எழுத்துப் பிறகு. அதுதான் இஞ்சத்தை ஒழுங்கு. முத்திரை குத்தின படிவத்திலை எழுதினது எழுதினதுதான். பிறகு நான் செத்தாலும் மாத்தேலாது."

அதைக் கஜனி கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கடிதம் குழுவுக்குப் போனது. தீவுப்பகுதி இரண்டாகப் பிரிந்தது. சனநெரிசலில் ஸ்கூட்டர் ஓடினால் பிள்ளைகளின் கால் நசுங்கும் என்றார்கள் ஒரு பகுதியினர். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் என்ன என்றார்கள் மற்றவர்கள். பிள்ளையைப் பிடித்தால் போனை எப்படிப் பிடிப்பது என்று முதல் பகுதியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் இல்லாமல் மூன்று கூட்டம் முடிந்தது.

நாலாவது கூட்டத்தில் பரீட்சை. குழுத் தலைவர் தம்பையா சனநெரிசலுக்குப் பதிலாக நடுவீதியில் நின்றார். அஜந்தா ஐம்பது யார் தூரத்தில் இருந்து முழு வேகத்தில் அவரை நோக்கி வர வேண்டும் என்பது உத்தரவு. அவள் வந்தாள். தலைவர் காத்திருந்தார். அவருக்கு ஒரு அழைப்பு வந்தது, பேசி முடித்தார். வடையைத் தின்று கையைத் துடைத்தார். ஸ்கூட்டர் இன்னும் வந்துகொண்டிருந்தது. பின்னால் ஐஸ்கிறீம் வாங்க ஓடிய சனம் அதை இரண்டு தரம் இடித்துவிட்டுப் போனது.

குழு ஆராய்ந்து பதிவு செய்தது: 'ஸ்கூட்டரால் சனத்துக்கு ஆபத்தில்லை. சனத்தால் ஸ்கூட்டருக்கு ஆபத்து உண்டு. ஆகவே மேற்படி சாதனம் பதிவு செய்யப்பட்டு, எல்லா வரிசைகளிலும் முதலில் விடப்பட வேண்டும்.'

பதிவுப் படிவம் அச்சாகி வரும்வரை பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்தால் போகிறது என்று அஜந்தாவுக்கு அன்றிரவு சோறு ருசித்தது. கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. ஆனால் தலைவர் தம்பையா ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, அதை முகநூலில் போட்டுவிட்டார். அதில் தலைவர் முழுதாகத் தெரிந்தார். ஸ்கூட்டர் முக்கால்வாசி தெரிந்தது. அஜந்தாவின் முழங்கை தெரிந்தது.

கனடாவில் தர்சன் அந்தப் படத்தைப் பார்த்தார். தகப்பன் ஆழ்வாப்பிள்ளை இறந்து மூன்று வருடம். அவருடைய பெயரை ஊரில் எதிலாவது எழுதிவிட வேண்டும் என்று தர்சனும் மூன்று வருடமாகத் தேடினார். இடம் கிடைக்கவில்லை. கிணற்றுக் கட்டில் ஒரு அமரர் இருந்தார். பஸ் தரிப்பிடத்தில் இரண்டு அமரர்கள். பள்ளிக்கூடப் படலைக் கதவில், நூலக அலுமாரியில், கோயில் ஒலிபெருக்கியில் எல்லாம் ஆள் இருந்தது. வாசிகசாலையில் ஆட்கள் இருந்து வாசிக்க ஒரே ஒரு வாங்கு, அதன் முதுகில் மூன்று குடும்பம். இந்த நிலையில் பெயர் எழுதாத ஒரு புது வகைச் சாமானைக் கண்டதும் தர்சனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு மாதத்தில் பளபளவென்று ஸ்கூட்டர் வந்து இறங்கியது. பின்பக்கத்தில் பெரிய எழுத்து: 'அமரர் ஆழ்வாப்பிள்ளை ஞாபகார்த்தமாக. அன்பளிப்பு: மகன் தர்சன் குடும்பத்தினர், கனடா.' ஆழ்வாப்பிள்ளை தொண்ணூறு வயது வரை வேலணைச் சந்தைக்கு நடந்தே போய் வந்தவர். யாராவது சைக்கிளில் ஏறச் சொன்னாலும் ஏறமாட்டார். அது வேறு விடயம்.

சரவணைக்கு ஒன்று வந்தால் நாரந்தனை சும்மா இருக்குமா? பாரிஸில் இருந்த நாரந்தனையார் இரண்டு அனுப்பினார்கள். லண்டனில் இருந்த வேலணையார் நாலு அனுப்பினார்கள், குடையோடு. சுவிசில் இருந்து வந்ததற்குத் தேவாரம் பாடும் ஹோர்ன் பூட்டியிருந்தது. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று.

எல்லாரும் ஒரே நிபந்தனைதான் வைத்தார்கள். திவச நாளில் வீடியோ அழைப்பு எடுப்போம். அப்போது ஸ்கூட்டர் ஓட வேண்டும். அதில் ஆள் இருக்க வேண்டும். ஆளில்லாமல் நின்றால் அப்பாவுக்கு அவமரியாதை.

இனித்தான் சிக்கல். தீவு முழுவதும் தேடியும் நடக்க ஏலாதவர்கள் அத்தனை பேர் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும், தங்களுக்கு ராட்டினம் வேண்டாம், வைத்தியசாலைக்குப் போக ஒழுங்கான பஸ் இருந்தால் போதும் என்றார்கள். பஸ்ஸில் பெயர் எழுத ஏலாது என்று குழு விளக்கிவிட்டு, நடக்க ஏலுமானவர்களையே நியமித்தது. அவர்களுக்கு 'ஞாபகார்த்த அமர்வாளர்' என்று பதவி.

பதவி என்றதும் ஊர் எழும்பவில்லை, ஸ்கூட்டரில் ஏறி இருந்துவிட்டது. நடந்து வருவது மரியாதைக் குறைவானது. ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பதினொரு ஸ்கூட்டரில் வந்தார்கள், பந்தியிலும் இறங்கவில்லை. சேலையின் நிறத்திலேயே ஸ்கூட்டர் இருக்கைக்கும் உறை வேண்டும் என்று பெண்கள் அஜந்தாவிடம் வந்து நின்றார்கள். நின்றார்கள் என்பது பழக்கத்தில் வருகிறது. வந்து இருந்தார்கள். அஜந்தா இரவு பகலாக உறை தைத்தாள். பூங்காவுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை.

"அம்மா, எப்ப போறது?"

"இந்த ஊதா உறையை முடிச்சிட்டுப் போவம்."

"போன ஞாயிறு பச்சை உறையெண்டனீங்கள்."

ஊதா உறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனார்கள். வாசலில் கஜனியின் கழுத்தில் ஒரு மணி கட்டினார்கள். பூங்காவுக்குள் நூற்று நாற்பத்து மூன்று ஸ்கூட்டர் ஓடுவதால், நடப்போர் தம் பாதுகாப்புக்காக மணி அணிய வேண்டும் என்பது புதிய விதி. வாசலுக்கு அப்பால் நாலைந்து பிள்ளைகள் கிணிகிணி என்று ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கூட்டர் வரிசை கடற்கரை வரை நீண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னுரிமை இருந்ததால் ஒருவரும் முன்னுக்குப் போகவில்லை. வரிசையின் தலைப்பில், நாரந்தனையில் இருந்து கருவாட்டுக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் நடந்து வரும் அந்தோனியம்மா, சாய்ந்து இருந்தா.

"அக்கா, காலுக்கு என்ன?" என்று பதறினாள் அஜந்தா.

"காலுக்கு ஒண்டுமில்லை பிள்ளை. நான் ஆழ்வாப்பிள்ளையாரிலை இருக்கிறன். பின்னேரம் கனடாவிலை இருந்து பாப்பினம். இறங்கினால் பதவி போயிடுமாம். காலையிலை இருந்து கால் விறைச்சுப் போச்சு."

அந்தோனியம்மா தன் இடத்தை விட்டு அஜந்தாவை முன்னுக்கு விட்டா. சசிகரன் சிவப்பு ஸ்கூட்டரைச் சுற்றி வந்தார். பின்பக்கத்தைப் பார்த்தார். குனிந்து அடியையும் பார்த்தார்.

"அக்கா, இது ஆற்றை ஞாபகார்த்தம்?"

"ஒருத்தற்றையும் இல்லை. நான் தைச்சு வாங்கினது. நான் உயிரோடைதான் இருக்கிறன்."

"அதுதான் பிரச்சினை. புதுப் படிவத்திலை மூண்டு கட்டம். அமரர் பேர், மறைந்த திகதி, அன்பளிப்புச் செய்தோர். மூண்டும் நிரப்பாமல் விட்டால் பதிவிலை வராது. பதியாத ஸ்கூட்டர் உள்ளுக்கு வர ஏலாது."

"தம்பி, இந்தச் சட்டமே என்ர ஸ்கூட்டருக்காக வந்தது!"

"ஓம் அக்கா, அந்தப் பெருமை உங்களுக்குத்தான். நான் மறுக்கேல்லை."

பின்னால் தேவார ஹோர்ன் அடித்தது. இந்தப் பிள்ளை ஏன் மறிச்சுக்கொண்டு நிற்குது என்று ஒருவர் கத்தினார். பேர் கூட இல்லாத ஸ்கூட்டராம் என்று இன்னொருத்தி சொன்னாள். அவள் இருந்த ஊதா உறை போன கிழமை அஜந்தா தைத்தது.

சசிகரன் இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ஒரு பேரைப் போட்டால் முடிஞ்சுது. உங்கட அப்பா காலமாயிட்டார்தானே?"

அஜந்தாவின் முகம் சிவந்தது. காயம் பட்ட அன்று தகப்பன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர். "என்ர அப்பாவை ராட்டினத்துக்கு ரிக்கற்றாக்க மாட்டன். கஜனி, வா, வீட்டை போவம்."

அவள் கைபிடியைத் திருப்பினாள். ஸ்கூட்டர் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. அது திரும்பி முடிய நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் கஜனி மேசைக்குப் போய்விட்டாள். மணி கிணுங்கியது.

"மாமா, படிவம் நான் நிரப்பட்டே?"

"நிரப்பு பிள்ளை, நிரப்பு. வடிவான எழுத்தாய் எழுது. ஆற்றை பேரெண்டாலும் பரவாயில்லை, வரிசை போனால் போதும்" என்றார் சசிகரன். அவர் தேவார ஹோர்னை நிறுத்தச் சொல்லப் போய்விட்டார்.

கஜனி மேலிருந்த படிவத்தை எடுத்தாள். முத்திரை காலையிலேயே குத்தியிருந்தது. சசிகரனின் பெயர்ப் பட்டியில் பார்த்து வைத்திருந்தபடி எழுத்துப் பிழை விடாமல், முதல் கட்டத்தில் 'அமரர் சசிகரன், முகாமையாளர்' என்று எழுதினாள். மறைந்த திகதிக்கு அன்றைய திகதியைப் போட்டாள். அன்பளிப்புச் செய்தோர் என்ற கட்டத்தில் 'வரிசையில் இருந்த எல்லாரும்' என்று எழுதினாள்.