பதினேழாம் எண் வீட்டு நாய்

நாகரிகத்தின் சிகரம் எது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அந்தப் புறநகர்த் தெருவில் இந்தச் சர்ச்சை என்றோ தீர்ந்துவிட்டது. அங்கே இருபத்திரண்டு வீடுகள்; ஒவ்வொரு கேட்டிலும் 'நாய் ஜாக்கிரதை' பலகை. யாரும் யார் வீட்டுக்கும் போய்த் தொந்தரவு கொடுப்பதில்லை. இதற்குப் பெயர்தான் 'நல்ல ஏரியா'.

பதினேழாம் எண் வீட்டில் பலகை இருந்தது. நாய் மட்டும் இல்லை. நாய்க்குச் சோறு போட வேண்டும், பலகைக்கு வேண்டாம் என்று வீட்டுக்காரர் தொலைநோக்குடன் முடிவெடுத்திருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. எதையும் முறைப்படி செய்பவர். ஆகவே கேட் ஆடினால், ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று தாமே குரைப்பார். கூரியர்காரருக்கு இரண்டு தரம், நன்கொடை கேட்பவர்களுக்கு நான்கு தரம்.

"எங்க அண்ணன் வந்தா மட்டும் ஏன் நிறுத்தாம குரைக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அது நாயோட சுபாவம். நான் என்ன பண்றது?"

இப்படி மானத்தோடு வாழ்ந்த மனிதரின் தலையில் குடியிருப்போர் சங்கத்தின் சுற்றறிக்கை வந்து விழுந்தது. 'ஞாயிறு காலை கால்நடை டாக்டர் வீடு வீடாக வந்து நாய்களுக்கு ஊசி போடுவார். நாய் இல்லாத வீட்டின் பலகை அகற்றப்படும். இப்படிக்கு, செயலாளர், ஒன்பதாம் எண் வீடு.'

பலகை போனால், இத்தனை நாள் குரைத்தது யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அப்புறம் எந்த முகத்தோடு வெளியே போவது? அவருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமையே ஒரு மர நாய்க்கூண்டு வாங்கி வாசலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஞாயிறன்று டாக்டர் வந்தார். பதினாறு வீடுகள் ஏறி இறங்கியும் அவர் ஓர் ஊசிகூடப் போட்டிருக்கவில்லை. 'தூங்குது', 'ஊருக்குப் போயிருக்கு' என்று பதில்கள். செயலாளர் வீட்டு நாய் தியானத்தில் இருந்ததாம்.

"கடிக்கும், கிட்ட வராதீங்கன்னு சொல்லிடு" என்று மனைவிக்கு உத்தரவிட்டுவிட்டு, குமாஸ்தா கூண்டுக்குள் தவழ்ந்தார். தலை போயிற்று. தோள் போயிற்று. பதவிக்கேற்ற வயிறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"ஐயையோ, மாட்டிக்கிட்டாரு! யாராவது ஓடி வாங்களேன்!" என்று மனைவி தெருவைப் பார்த்துக் கத்தினாள். திரைகள் அசைந்தன. ஒரு கதவும் திறக்கவில்லை. குமாஸ்தாவும் "காப்பாத்துங்க!" என்று அலறிப் பார்த்தார். மூச்சு முட்டியது. பயத்தில், பழக்க தோஷத்தால், குரைத்துவிட்டார்.

உடனே இருபத்தோரு வீடுகளிலிருந்தும் பதில் குரைப்பு வந்தது. ஒன்பதாம் எண் வீட்டு நாய் நடுவில் இருமி, "சே, இந்த இருமல் வேற" என்று அலுத்துக்கொண்டு, மறுபடி குரைத்தது.

பதினாறாம் எண் வீட்டிலிருந்து ஓடி வந்த டாக்டர் ஊசிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, காலைப் பிடித்து இழுத்தார். கூண்டு உடைந்து குமாஸ்தா வெளியே வந்தார். டாக்டர் நோட்டைப் பிரித்தார்.

"நாய் ஒண்ணுகூட இல்லன்னு எழுதிக்கிறேன். மனுஷங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"ஏன், நான் இருக்கேனே" என்று சொல்லத்தான் குமாஸ்தா வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்து வீட்டு அம்மாவின் ஞாபகம் வந்து தொலைத்தது. போன மாதம் கால் பிசகி, இதே கேட்டைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வாங்களேன்" என்று அந்த அம்மா கூப்பிட்டார். நொண்டிக்கொண்டே அவர் திரும்பிப் போகும்வரை, குமாஸ்தா விடாமல் குரைத்திருந்தார்.