கறுப்பு லிங்கனும் வேப்பம்பூ வடகமும்

பெண்டில் ஹில்,
திங்கட்கிழமை.

மெல்பேணில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் சிறிதரனுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கச்சி பவளராணியும் காரும் சுகம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க முருகனை வேண்டுகிறேன். சுகம் என்றது மரியாதைக்கு எழுதியது. உண்மையில் நான் மனம் உடைந்துபோய் இருக்கிறேன். உங்கள் தங்கச்சி என் லிங்கன் கொன்டினென்டலை விற்கச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறா.

அறுபத்தைந்தாம் ஆண்டுக் கார், மச்சான். நாலு கதவுள்ள திறந்த கார். பதினொரு வருசம் கராஜில் படுத்துக் கிடந்து திருத்தினேன். பக்கவாட்டில் ஒரு வீண் வளைவு, ஒரு வீண் மினுக்கம் இருக்காது. அதை வரைந்த ஆட்கள் பின் கதவைப் பின்பக்கமாகத் திறக்க வைத்தார்கள். இரண்டு கதவையும் திறந்தால் கும்பிட்ட கையைப் பிரித்த மாதிரி இருக்கும். இடது முழங்கால் வருத்தக்காரி உங்கள் தங்கச்சி, முனகாமல் ஏறி இருக்கிற ஒரே கார் இதுதான். அதைத்தான் விற்கட்டாம்!

காரணம் கேட்டால் அடுத்த வீட்டுத் தபால் பெட்டியைச் சொல்லுறா. அந்தப் பெட்டியை அவன் றோட்டுக்குக் கிட்ட நட்டு வைத்தது என் பிழையா? ஒரே கிழமையில் குப்பைத்தொட்டியை இரண்டு தரம் தட்டினேன் என்பதும் ஒரு குற்றமாம். பதினெட்டு அடிக் கார், தட்டத்தான் செய்யும். இதற்காக மகன் லோஜனைப் பிடித்து விளம்பரம் போடுவித்தா. சனிக்கிழமை பத்து மணிக்குக் கெல்லிவில்லில் இருந்து சடகோபன் என்று ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை கார் பார்க்க வந்துவிட்டது. நல்ல பிள்ளை, அதுதான் எனக்கு இன்னும் கவலை. காரைச் சுற்றி வந்து பின்னுக்கு நின்றுகொண்டு, "அங்கிள், கூரை எப்படி மடங்குதுன்னு ஒரு தடவை காட்டுறீங்களா?" என்று கேட்டார். பெருமை தலைக்கேறி, ஏறி இருந்து பட்டனை அமத்தினேன். இந்தக் காரில் டிக்கி மூடி முன்பக்கத்தால் கிளம்பிப் பின்பக்கம் சரியும், கூரை மடிந்து அதற்குள் போகும். மூடி கட்டில் அகலம். உங்கள் தங்கச்சி அன்றைக்கென்று பார்த்து அதன் மேலே வெள்ளைத் துணி விரித்து வேப்பம்பூ வடகம் காயப் போட்டிருக்கிறா! மூடி கிளம்ப, அவ்வளவும் சடகோபன் தலையில் கொட்டுண்டது. துணி உள்ளே சிக்கி, கூரை பாதியில் நின்றுவிட்டது. இப்பவும் கொட்டாவி விட்ட வாய் மாதிரித்தான் நிற்குது.

அந்தப் பிள்ளை கொலருக்குள் கிடந்த ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, வாற ஞாயிற்றுக்கிழமை திரும்ப வாறாராம். அதுக்கு முன்னம் நீங்கள் தங்கச்சிக்குப் போன் எடுத்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ மச்சான். அவ கேட்டால் உங்கட சொல்லைத்தான் கேப்பா. எனக்கு அந்தக் காரை விட்டால் வேற என்ன இருக்குது?

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
காரை இன்னும் கைவிடாத
சச்சிதானந்தன்

பி.கு: அண்ணா, நான் பவளம். கடிதத்தை ஒட்டமுதல் எழுதிறன். கண் டொக்டர் இவரை இனிக் கார் ஓட வேண்டாமெண்டு சொல்லி ரெண்டு மாசம். உங்களுக்கும் மறைச்சிருப்பார். விக்கச் சொன்னது அதுக்குத்தான். ஆனா சனிக்கிழமை விடிய எழும்பி, கதவுப் பிடி ஒவ்வொண்டையும் துடைச்சுத் துடைச்சு நிண்டார். எனக்குப் பொறுக்கேல்லை. வடகம் காயாமல் காரைத் தொட ஏலாதெண்டு சொல்லி அந்தப் பிள்ளையை அனுப்பத்தான் அதுக்கு மேல பரப்பினனான். நான் சொல்லமுதல் இவர் பட்டனை அமத்திப்போட்டார். கறுப்புக் காரில விரிச்ச வெள்ளைத் துணியை இவர் காணேல்லை அண்ணா. சடகோபனை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். துணியையும் லோஜன் இண்டைக்குப் பின்னேரம் இழுத்து எடுத்துப்போடுவான். எனக்கு வருத்தம் இடது காலில, இது கியர் மாத்தத் தேவையில்லாத கார், ஓட வலது கால் மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகேக்க சாவியை நான் எடுப்பன். அதுவரைக்கும் இவருக்குச் சொல்லாதேங்கோ.