பெட்ரோலா டீசலா என்று ஒரே வார்த்தையில் கேட்ட மாப்பிள்ளைக்கு

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
1959 செப்டம்பர் 21, திங்கட்கிழமை

ஜிபுட்டியில் வெயிலையும் மேலதிகாரியையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டிருக்கும் மதிப்புக்குரிய மாப்பிள்ளை ராமதாஸ் அவர்களுக்கு, மாமனார் தணிகாசலம் மிகுந்த மரியாதையோடும் சற்றே நடுக்கத்தோடும் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் அத்தை தில்லையம்மாளும் கமலாவும் சௌக்கியம். வாசலில் இரண்டு ஜீப்புகளும் சௌக்கியம். ஒரு வண்டி பார்க்கச் சொன்னதற்கு இரண்டு எப்படி வந்தன என்று தாங்கள் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. அதை வரிசையாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வரிசை தவறினால் பொறுத்துக்கொள்ளவும். பிரெஞ்சுக் கோர்ட்டில் கிரெப்பியே என்ற பதிவு எழுத்தராக இருந்து முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்கள் சொன்னதை எழுதிப் பழகியவன் நான். எனக்கே நேர்ந்ததை நானே எழுதுவது இதுதான் முதல் தடவை.

தங்கள் ஆகஸ்டு மாதக் கடிதத்தை எட்டுத் தடவை படித்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஒப்பந்தம் முடிகிறது. நல்லவாட்டுக் கடற்கரையிலிருந்து தவளக்குப்பம் வரை மணலில் கூடை சுமந்து நடக்கிற மீன்காரப் பெண்களுக்காக ஒரு ஜீப் ஓட்டிப் பிழைக்கலாம் என்று யோசனை. லாரி என்றால் மணலில் புதையும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் போகும். பழைய வண்டியாக ஒன்றை மாமா பார்த்து வைக்கவும். எஞ்சின் பெட்ரோலா டீசலா என்பதை மட்டும் தந்தியில் ஒரே வார்த்தையில் சொன்னால் அதற்கு ஏற்ற உதிரிச் சாமான்களை வாங்கி வருகிறேன். செப்டம்பர் முப்பதுக்குள் தந்தி வராவிட்டால், ஊரில் எனக்குப் பிழைப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கமலாவையும் இங்கே வரவழைத்துக்கொள்வேன். இதுதானே தாங்கள் எழுதியது? கமலா எங்களுக்கு ஒரே பெண். ஜிபுட்டி எங்கே இருக்கிறது என்று அட்லஸில் பார்த்தேன். விரலால் அளந்தால் மூன்று விரல் தூரம்தான். ஆனால் அந்த மூன்று விரலும் தண்ணீர். ஆகையால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று தெரிந்தது. ஆனால் ஒரே வார்த்தையில் நான் இதுவரை எதற்கும் பதில் சொன்னதில்லை, மாப்பிள்ளை. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, 'பிடித்திருக்கிறதா?' என்று என் தகப்பனார் கேட்டதற்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தவன் நான். தில்லையம்மாள் அதை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள். கோபம் வரும்போதெல்லாம் எடுத்து இரண்டாம் பக்கத்தை உரக்க வாசிக்கிறாள்.

முதலில் ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். பெட்ரோல்: கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் கிளம்பும். டீசல்: எட்டுப் பேர் தள்ளினால் கிளம்பும். பெட்ரோல்: நிறையக் குடிக்கும். டீசல்: கொஞ்சமாகக் குடிக்கும், ஆனால் குடித்ததைத் தெரு முழுவதற்கும் புகையாகத் தெரிவிக்கும். பெட்ரோல்: உப்புத் தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் மின்பொறி அணைந்துபோகும். டீசல்: பொறியே கிடையாதாம், அழுத்தத்திலேயே பற்றிக்கொள்ளுமாம். பொறி இல்லாமல் வெறும் அழுத்தத்தில் எப்படி ஒன்று பற்றும் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். "நாப்பது வருசமா என்னோட குடும்பம் நடத்துறீங்க, இதுகூடப் புரியலியா?" என்றாள் தங்கள் அத்தை. கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் மதிப்பெண் போட்டேன். ஒன்பதுக்கு ஒன்பது. கூட்டல் தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் போட்டேன். எட்டரைக்கு எட்டரை.

சரி, அனுபவஸ்தர்களைக் கேட்போம் என்று பக்கத்துத் தோட்டக்காரர் மண்ணாங்கட்டியிடம் போனேன். "டீசலுதாங்க. எங்கூட்டு பம்ப்செட்டு டீசலுதான். பதினோரு வருசமா ஓடுது, ஒரு ரிப்பேரு கெடயாது" என்றார். "அது ஒரே இடத்தில் நின்றுகொண்டே ஓடுகிறதே?" என்று கேட்டேன். "அதனாலதாங்க ரிப்பேரு இல்ல" என்றார். அங்கிருந்து மெக்கானிக் ஆதிமூலத்திடம் போனேன். என்னை எல்லோரையும் போல 'முசே' என்று பிரெஞ்சு மரியாதையோடு அழைத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தாங்கள் தவறாக நினைக்கக் கூடாது. "பெட்ரோலு மாப்ள மாதிரி முசே. கூப்புட்ட ஒடனே வந்துடும், வந்தா செலவு வெக்கும். டீசலு மாமனாரு மாதிரி. கெளம்பறதுக்குள்ள பொழுது போயிடும், கெளம்பிட்டா யாரு சொன்னாலும் கேக்காது." அப்படியானால் எதை வாங்கலாம் என்றேன். "எத வாங்குனா இன்னா முசே, ரெண்டுத்தையும் நாந்தான ரிப்பேர் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். அவர் திரும்ப வெளியே வருவார் என்று அரைமணி நேரம் நின்றேன். வரவில்லை.

விற்பதற்கு இருந்தவை இரண்டு வண்டிகள். ஒன்று, லாஸ்பேட்டைக் கலியபெருமாளுடைய பெட்ரோல் ஜீப். யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துவிட்டதை வாங்கி, பத்து வருஷமாகக் குழந்தையைப் போல வளர்த்திருக்கிறார். அதற்கு லட்சுமி என்று பெயர் வேறு. இன்னொன்று, தவளக்குப்பம் பாவாடை என்பவருடையது. ஜீப்பின் உடம்பு, எங்கோ கவிழ்ந்த லாரியின் டீசல் எஞ்சின். இரண்டையும் அந்த இடத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று போன வியாழக்கிழமை நல்லவாட்டுக்கு வரச்சொன்னேன். அங்கே மீன்காரப் பெண்களுக்குத் தலைமையான அஞ்சலாட்சி என்பவர், கருவாடு காயவைத்திருந்த இடத்தில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் நீதிபதி மாதிரி உட்கார்ந்துகொண்டார். நான் கையோடு தாளும் பேனாவும் கொண்டுபோயிருந்தேன்.

முதலில் லட்சுமி. கலியபெருமாள் துண்டால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டு ஏறினார். மணல்மேட்டில் அது வெள்ளாடு மாதிரி தாவி ஏறியது. எல்லோரும் ஓவென்று கூவினார்கள். நான் பெட்ரோல் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அடுத்து உப்பனாற்றுக் கழிமுகத்தில் இறங்கியது. நடுவில் போனதும் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது. "இன்னாய்யா, குளிக்கறதுக்கா கூட்டியாந்த ஒம் பொண்ண?" என்று அஞ்சலாட்சி கேட்டார். கலியபெருமாள் தண்ணீரில் குதித்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி எஞ்சின் மூடியைத் திறந்து, தம் வேட்டித் தலைப்பால் உள்ளே ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தகப்பன் செய்வதைப் போல இருந்தது. நான் வைத்த புள்ளியை அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் பேனாவை மூடிவிட்டேன்.

அடுத்தது டீசல். பதினோரு பேர் தள்ளினார்கள். அதில் ஏழு பேர் பெண்கள். கிளம்பியபோது எழுந்த சத்தத்தில் காக்கைகள் எல்லாம் கடல் பக்கம் போய்விட்டன. பாவாடை என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். கழிமுகத்தில் தண்ணீர் இருப்பதையே அந்த வண்டி கவனித்ததாகத் தெரியவில்லை. எருமை மாதிரி இறங்கி எருமை மாதிரி ஏறியது. மணலுக்குத் திரும்பியதும் பின்னாலிருந்து ஸ்பேனர் ஒன்று விழுந்தது. "சும்மா ஒக்காந்துருங்க முசே, எடுத்தாந்துடறேன்" என்று பாவாடை ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிட்டார். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நேர் எதிரே வங்காள விரிகுடா. நான் சாவியைத் திருப்பி வெளியே எடுத்தேன். வண்டி நிற்கவில்லை. சாவியைக் கையில் உயர்த்திப் பாவாடைக்குக் காட்டினேன். "சாவிக்கெல்லாம் டீசலு நிக்காது முசே! கம்பிய இழுக்கணும்!" என்று கத்தினார். "கம்பி எங்கே?" என்று நானும் கத்தினேன். "அது போன மாசமே அறுந்துபோச்சு!"

என் வயதில் ஒருவன் தனியாக ஒரு ஜீப்பில் கடலைப் பார்த்துப் போகும்போது என்ன நினைப்பான் என்று தாங்கள் கேட்டால், நான் தங்களுக்கு அனுப்பவேண்டிய ஒற்றை வார்த்தையை நினைத்தேன். அதை அனுப்பாமல் கடலில் இறங்கினால் கமலாவின் கதி என்ன? எழும்பி ஓட்டுநர் இடத்துக்கு நகர்ந்து, ஸ்டீரிங்கைப் பிடித்து இடது பக்கம் திருப்பினேன். கடல் விலகிப்போயிற்று. நிமிர்த்தினால் கடல் திரும்ப வந்துவிடுமோ என்று பயந்து அப்படியே இடது பக்கமே பிடித்துக்கொண்டேன். அதனால் வண்டி கருவாட்டைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தது. பாவாடை பின்னால், கலியபெருமாள் அவருக்குப் பின்னால், பெண்கள் எல்லாருக்கும் பின்னால். இரண்டாவது சுற்றில் ஒரு அம்மாள் எனக்குக் கையசைத்தார். மரியாதைக்கு நானும் கையசைத்தேன். மாப்பிள்ளை, இதை யாரிடமும் சொல்லவில்லை, தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்: மூன்றாவது சுற்றில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபத்தாறு வயதில், தலைப்பாகை அவிழ்ந்து பறக்க, நான் வாய்விட்டுச் சிரித்தேன். நாலாவது சுற்றில் அஞ்சலாட்சி எழுந்து நின்று, "சிரிச்சது போதும் பெரியவரே, நடுவுல இருக்கறத மிதி!" என்றார். இரண்டு காலாலும் மிதித்தேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, நெத்திலிக் கருவாட்டின்மேல் நின்று உயிரை விட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். "போவட்டும் வுடு, தட்டக் கருவாடுன்னு புதுசா ஒரு பேரு வெச்சி வித்துடறேன்" என்றார்.

இதுவரை என் தவறு ஒன்றும் இல்லை. இனிமேல் வருவதெல்லாம் என் தவறுதான். கோர்ட்டுப் பழக்கத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பதிவு எழுதினேன்: வண்டியின் அடையாளம், எஞ்சின் வகை, உடையவர் பெயர், கேட்கும் விலை, பார்க்க வந்தவர் பெயர், சோதனையில் கண்டது. இரண்டிரண்டு பிரதி. உடையவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். போடுவதற்கு முன்னால் என் கை தானாகவே மேலே 'லு எ அப்ரூவே' என்று எழுதிவிட்டது. படித்து ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருஷமாக எந்தத் தாளைக் கண்டாலும் அந்தக் கை அதைத்தான் எழுதும். வண்ணான் கணக்கிலேகூட எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் விலையும் பெயரும் போட்ட தாளில், கையெழுத்துக்குமேல் அந்த மூன்று வார்த்தை இருந்தால் கிரயம் முடிந்தது என்று பொருள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

காபி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆரன் சத்தம். போய்ப் பார்த்தால் லட்சுமி, மாலையும் மஞ்சளுமாக. பக்கத்தில் கலியபெருமாள், கண் சிவந்து நிற்கிறார். "முசே கையில குடுக்கறதுனாலதான் மனசு ஆறுது. வெயில்ல வுடாதீங்க. மழைக்குச் சாக்கு போத்துங்க. கைப்பிடிய வேகமா சுத்தாதீங்க, அதுக்குப் புடிக்காது" என்றார். நான் வாய் திறப்பதற்குள் தெருமுனையில் புகை தெரிந்தது. பாவாடை. "நான் எழுதியது சோதனைப் பதிவு, கிரயம் இல்லை" என்றேன். இருவரும் ஒன்றாகத் தாளை நீட்டி, "கீழ எழுதியிருக்கறது யாரு கையி முசே?" என்றார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு பேசக்கூடாது என்று எத்தனை ஆயிரம் பேரிடம் நான் சொல்லியிருப்பேன்! பேசாமல் உள்ளே வந்து படுத்துவிட்டேன். கமலா இரண்டு பேருக்கும் காபி கொடுத்திருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள் என்று சந்தேகம்.

மூன்று நாள் யோசித்து இன்றைக்கு முடிவுக்கு வந்துவிட்டேன், மாப்பிள்ளை. பெட்ரோல். டீசல் உப்புத் தண்ணீருக்கு அஞ்சாது, செலவு குறைவு, எல்லாம் வாஸ்தவம். ஆனால் என்னை அப்படிச் சிரிக்கவைத்த வண்டியை நான் நம்ப மாட்டேன். சாவியை எடுத்தால் நிற்கிற வண்டிதான் குடும்பத்துக்கு நல்லது. பாவாடையின் காலில் விழுந்தாவது தாளைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குப் 'பெட்ரோல்' என்று தந்தி அடித்துவிடுவேன். இது தவறான முடிவாக இருந்தால், அந்தத் தவறைத் தாங்கள் இங்கே வந்து என் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே கையெழுத்துப் போட வேண்டாம். எங்களுக்கு வேறு பெண் இல்லை.

நாங்கள் கும்பிடுகிற தெய்வங்கள் தங்களைக் கடல்மீதும் கரைமீதும் காக்கட்டும். அத்தையின் ஆசீர்வாதம். கமலாவின் நமஸ்காரத்தைக் கேட்டு எழுதலாம் என்று கூப்பிட்டேன். "அத நான் தனியா சொல்லிக்கறேன்" என்றாள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
தணிகாசலம்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. ஒட்டிய உறையை வெந்நீர் ஆவியில் காட்டித் திறந்து இதைச் சேர்க்கிறேன். காலையில் தந்தி ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா விலாசத்தைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமையே ஒங்க பொண்ணு இதே விலாசத்துக்கு அடிச்சிட்டுப் போச்சே முசே" என்றார். வீட்டுக்கு ஓடிவந்தேன். "என்னம்மா அடித்தாய், பெட்ரோலா டீசலா?" என்று கேட்டேன். கமலா, "ரெண்டும் இல்லப்பா. 'வாங்க'ன்னு அடிச்சேன். ஒரு மாசமா மாமனாரும் மருமவனும் எஞ்சினப் பத்தியே நெனச்சிட்டிருக்கீங்க. அவரு எதுக்குக் காத்துட்டிருக்காருன்னு யாருக்காவது தெரிஞ்சுதா?" என்றாள். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தந்திச் சேவகர் வந்தார். 'வருகிறேன்' என்று ஒரே வார்த்தை, தங்கள் பெயர். தில்லையம்மாள் அழுதாள். நானும் என் பங்குக்கு அழுதேன். அதன் பிறகுதான் வாசலைப் பார்த்தேன். வண்டி ஒன்றுகூட இல்லை. நான் தந்தி ஆபீசுக்குப் போயிருந்த நேரத்தில் கலியபெருமாளைக் கமலா வரவழைத்து, "உங்க புள்ளைய நீங்களே வெச்சிக்குங்க" என்று சொன்னாளாம். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் லட்சுமியோடு காற்றாய்ப் பறந்துவிட்டார். டீசலை அதே நேரத்தில் அஞ்சலாட்சி கூட்டம் வந்து தள்ளிக் கிளப்பி, பாவாடையை ஓட்டவைத்து, பதினான்கு கூடை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். "மருமவன் வர்ற வரைக்கும் பழக்கி வெக்கிறோம்" என்று சொல்லச் சொன்னார்களாம். ஆகையால் மேலே கண்ட முடிவும் அதற்கான காரணங்களும் ரத்து. பெட்ரோல் என்று எழுதிய இடத்தில் எல்லாம் டீசல் என்றும், டீசல் என்று எழுதிய இடத்தில் எல்லாம் எது சரியாக வருகிறதோ அப்படியும் வைத்துக்கொள்ளவும். சாமான் ஒன்றும் வாங்கவேண்டாம். தபால்தலை ஒட்டிவிட்டதால் மட்டும் இதை அனுப்புகிறேன். கிடைத்தால் படிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டுக் கப்பல் ஏறவும்.