தோற்க ஆறு தோட்டா

முதல் நாளே ஜெயித்துத் தொலைத்ததுதான் அவன் செய்த தப்பு.

கிளினிக்கில் அவனுக்குப் 'பரபரப்பு' என்றே பெயர். சேர்ந்தாற்போல் இரண்டு நிமிடம் ஓர் இடத்தில் உட்கார மாட்டான். நோயாளி ஒரு தடவை மூச்சை இழுத்து விடுவதற்குள் கடிகாரத்தை மூன்று தடவை பார்த்துவிடுவான். மற்றபடி நல்ல பிசியோதெரபிஸ்ட். அவன் கை பட்டால் வலி குறைகிறது என்று சொல்பவர்களும் உண்டு. சத்தமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பெரிய டாக்டர் அவனை நம்பி முதல்முதலாக வீட்டுக்கு அனுப்பிய கேஸ், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னால், "முப்பத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச கை தம்பி இது. பந்து விளையாடற கை இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிடியின் பலத்தை அளக்கும் கருவியைத் தொடவும் மாட்டேன் என்றார்.

அவர் மனைவிதான் வழி கண்டுபிடித்தார். மகள்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வாங்கிய வீடியோ கேம் ஒன்று பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து டிவியில் மாட்டினார். திரையின் இரண்டு ஓரத்திலும் தொப்பி போட்ட ஒரு கௌபாய், நடுவில் ஒரு கள்ளிச்செடி. ஆளுக்கொரு பிடி, ஒரு சிவப்புப் பொத்தான், ஆறு தோட்டா; தீர்ந்தால் மறுபடி நிரம்பும். பிடியை அசைத்தால் கௌபாய் மேலும் கீழும் நடப்பான், பொத்தானை அழுத்தினால் பிடி சாய்ந்த பக்கம் சுடுவான். குண்டு பட்டவன் காலைத் தூக்கிக்கொண்டு விழ, டிவி ஒப்பாரி மாதிரி ஒரு ராகம் வாசிக்கும். எதிராளியை முதலில் பத்துத் தடவை சாய்ப்பவனுக்கு வெற்றி.

விரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஓட்டுநரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். ஆனால் பிடி கைக்கு வந்ததும் பரபரப்புக்குத் தான் யார், எதற்கு வந்தோம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. பத்துக்கு ஒன்று என்று அடித்து நொறுக்கிவிட்டு எழுந்து ஒரு குதி குதித்தான். திரும்பிப் பார்த்தால் ஓட்டுநர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி போன் செய்தார். "அவர் முகமே சரியில்ல தம்பி. நீங்க போனதுலேர்ந்து ஏதோ யோசனையாவே இருக்காரு."

பரபரப்பு போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டான். நோயாளியின் நம்பிக்கையை முதல் நாளே உடைத்தாயிற்று. நம்பிக்கை போனால் கை எப்படி வரும்? ஆறு வாரத்தில் கை சரியாகாவிட்டால் வீட்டுக்குப் போகிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லித்தான் பெரிய டாக்டர் அனுப்பியிருந்தார். இனிமேல் தோற்பது என்று அவன் முடிவு செய்தான்.

தோற்பது அப்படியொன்றும் லேசாக இல்லை.

மறுநாள் தன் கௌபாயை அசையாமல் நிறுத்தினான். ஓட்டுநரின் ஆறு குண்டும் தலைக்கு மேலே பறந்துபோயின. பாவம், கை இன்னும் நடுங்குகிறது என்று நினைத்து, குண்டு வரும் வழிக்கே ஓடிப்போய் நின்றான். அவன் போய்ச் சேர்வதற்குள் குண்டு கடந்துவிட்டது. சரி, வானத்தைப் பார்த்தாவது சுடுவோம் என்று சுட்டான். அது திரையின் மேல் விளிம்பில் மோதித் திரும்பி, அந்தப் பக்கமாகத் தற்செயலாய் நடந்து வந்த ஓட்டுநரின் கௌபாய் மேல் இறங்கியது. டிவி ஒப்பாரி வைத்தது. இப்படியே போய்க் கடைசியில் அவனுக்கே வெற்றி, பத்துக்கு இரண்டு.

"நல்ல குறி தம்பி உங்களுக்கு" என்றார் ஓட்டுநர், கட்டைவிரலைத் தடவிக்கொண்டே. அந்தத் தடவல் பரபரப்பின் நெஞ்சை அறுத்தது.

அடுத்த வாரம், அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து, தன் சிவப்புப் பொத்தானுக்கு அடியில் கொஞ்சம் பஞ்சைத் திணித்து வைத்தான். அழுத்தினாலும் சுடாமல் இருக்கட்டும் என்பது திட்டம். பொத்தான் அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டது. ஆறு குண்டும் ஒரே மூச்சில் பாய, ஓட்டுநரின் கௌபாய் எழுந்து எழுந்து விழுந்தான். அன்றைக்குப் பத்துக்குப் பூஜ்யம்.

வேறு வழியில்லாமல், தோற்பதற்குப் பயிற்சி எடுத்தான். ஒரு நண்பனிடம் அதே மாதிரி கேம் ஒன்றை இரவல் வாங்கி வந்து, மனைவியை எதிரே உட்காரவைத்துத் தினமும் இரண்டு மணி நேரம் ஆடினான். நாற்பது ஆட்டத்தில் நாற்பதிலும் தோற்றான்.

"என்கிட்ட மட்டும் எப்படிங்க இவ்வளவு சுலபமா தோக்கறீங்க?" என்று கேட்டாள் அவள்.

"பழக்கம்தான்" என்றான்.

அந்தப் பயிற்சியில் அவனுடைய வலது மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. கட்டுப் போட்டுக்கொண்டு போனவனைப் பார்த்து ஓட்டுநர் பதறிவிட்டார். அலமாரியிலிருந்து ரப்பர் பந்தை எடுத்து வந்து, "மெதுவா அழுத்துங்க தம்பி, அவசரமே இல்ல" என்று அவன் கையில் வைத்தார். ஊருக்கெல்லாம் சொல்கிற வார்த்தையை அவன் முதல்முறையாகத் தானே கேட்டுக்கொண்டான்.

ஆனால் இடது கையால் ஆடினால் தோல்வி நிச்சயம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அன்றைக்குப் பார்த்து ஓட்டுநர் சுடவே இல்லை. இவனும் சுடவில்லை. கள்ளிச்செடிக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனுமாக இரண்டு கௌபாயும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். ஓட்டுநரின் மனைவி வந்து, டிவி கெட்டுப்போச்சா என்று கேட்டார். வலி தாங்காமல்தான் மனிதர் சும்மா நிற்கிறார் என்று பரபரப்புக்குத் தோன்றியது. உட்கார முடியவில்லை, நெளிந்தான். நெளிந்ததில் இடது கட்டைவிரல் பொத்தானில் வழுக்கியது. டிவி ஒப்பாரி வைத்தது.

ஆறாவது வாரம் முடிந்தது. இரண்டு இரவு புரண்டு புரண்டு படுத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தான். என்னால் ஆகவில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று பெரிய டாக்டரிடம் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஓட்டுநரிடம் நேரில் ஒரு மன்னிப்பு.

காலை பத்து மணிக்குப் போனான். அவர் குளித்துக்கொண்டிருக்கிறார், கூப்பிடுகிறேன் என்று மனைவி உள்ளே போனார். கூடத்தில் பரபரப்பு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். சொல்ல வேண்டியதை வாய்க்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். மூன்றும் பிடிக்கவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு அம்மா ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடி இறுகிப்போயிருந்தது. கொடுங்கள், நான் திறக்கிறேன் என்று கையை நீட்டினான்.

"கட்டுப் போட்ட கையை வச்சுக்கிட்டு நீங்க ஏன் கஷ்டப்படறீங்க? அண்ணன் வரட்டும். ஒரு மாசமா எங்க வீட்டு மூடியெல்லாம் அவர்தான் திறக்கறாரு."

"இடது கையாலயா?"

"வலது கைதான். ஒரே திருகு" என்றார் அந்த அம்மா. "அவருக்கு மூடியெல்லாம் ஒரு வேலையா? வைத்தியம் பாக்க வர்ற பிள்ளை சந்தோஷப்படட்டும்னு தினமும் ஏதோ விளையாட்டுல தோத்துக் குடுக்கறாராம், அந்தப் பிள்ளை குண்டுக்குக் குறுக்கால ஓடி ஓடி வந்து நிக்குதாம், அதைச் சுட்டுடாம தப்பிக்கிறதுக்குள்ள உயிரே போயிடுதுன்னு நேத்துகூடப் புலம்பினாரு."