பன்னா மீன் கல்லும் பசியாவரத்துச் சித்தரும்

எண்பத்தஞ்சாம் வருஷம் பழவேற்காடு ஏரியில மீனைவிட நோயாளிங்க அதிகம். பசியாவரம் தீவுக்குப் போற தோணி எல்லாம் வயித்தைப் புடிச்சிக்கிட்டுப் போற ஜனம். மீன்புடிக்கிறவங்க வலையைச் சுருட்டி ஓரமா வச்சிட்டு, ஆளேத்துறதையே தொழிலாக்கிட்டாங்க. ஏன் தெரியுமா? தீவுல கல்லுருக்கிச் சித்தர் இறங்கியிருந்தார்!

எந்த ஊர்க்காரர்னு யாருக்கும் தெரியாது. தெரியாதவரைக்கும்தானே அவர் சித்தர்? நோயாளி தொப்புள்மேல ஒரு பித்தளை ஊதுகுழலை வைப்பார். கண்ணை மூடி ஒரு உறிஞ்சு. கன்னம் உப்பும். அப்புறம் தாம்பாளத்துல துப்புவார், டிங், டிங். வெள்ளை வெளேர்னு ரெண்டு கல்லு! ஜனம் கன்னத்துல போட்டுக்கும். கூடை நிறைய எறால், ஒரு கோழி காணிக்கை.

அந்தக் கல்லு என்னன்னு ஊருக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். பன்னா மீனை ஆய்ஞ்சா அதன் தலைக்குள்ள இருக்குமே, அதே கல்லு. தினம் குப்பையில கொட்டுறவங்களாச்சே! நாகம்மாள்னு ஒருத்தி கேட்டே கேட்டுட்டா: "இன்னா சாமி, பன்னாக் கல்லு மாதிரி கீது?"

"மீன் தின்னா மீன்கல்லுதானே மகளே வளரும்?" என்றார் சித்தர்.

ஆகா, இன்னா ஞானம்! நாகம்மாளே முதல் ஆளா கால்ல விழுந்தா. அனுப்பம்பட்டுலேர்ந்து வந்த சுத்த சைவக்காரர் வயித்துலேர்ந்தும் பன்னாக் கல்லுதான் வந்தது. அவர் போன ஜென்மத்துல மீன் தின்னவராம். பாவம், மனுஷன் பரிகாரம் வேற பண்ணிட்டுப் போனார்.

இந்தக் கூத்துக்கு நடுவுல ராஜாத்தி செத்துக்கிட்டிருந்தா. ஏரியில இடுப்பளவு தண்ணியில நின்னு கையாலேயே எறால் தடவிப் புடிக்கிறவ. இப்ப கண்ணு மஞ்சள், உடம்பு மஞ்சள், குளிர்காய்ச்சல், விலாவுல உயிர் போற வலி. பித்தக் குழாயில கல்லு அடைச்சிருக்கு, உடனே மெட்ராஸுக்குப் போங்கன்னு பொன்னேரி டாக்டர் சொல்லிட்டார். புருஷன் சடையன் கேட்டானா?

"வாய் வழியா குழாய் வுடுவாங்களாம். குடல் அறுந்துடும்மே! சித்தர் உறிஞ்சிடுவார்."

சித்தரும் ராஜாத்தியைப் பார்த்து, "அம்மனே மஞ்சள் பூசியிருக்கா" என்று பூரிச்சுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஊதுகுழலை ஏரியில வீசியிருப்பேன். நல்லவேளை, என்னைவிடப் பொறுமைசாலி ஒருத்தர் தோணியில வந்து இறங்கினாங்க.

பழவேற்காட்டு கைருன் பீவி. ராஜாத்திகிட்ட வாடிக்கையா எறால் வாங்குறவங்க. போன மாசம்தான் அவங்களுக்கே மெட்ராஸ்ல குழாய் விட்டுப் பித்தக்கல்லை எடுத்திருந்தாங்க. கையில ஒரு கூஜா.

"சடையா, என் குடல் அறுந்தா போச்சு? நேத்து பிரியாணி தின்னேன். அந்த அடைப்புல சீழ் புடிச்சா இவ உயிரு தங்காதுப்பா."

"ஒரே ஒரு உறிஞ்சு பீவிம்மா. அப்பறம் பாக்கலாம்."

சித்தர் குழலோட தயாரா உட்கார்ந்திருந்தார். வாய் இறுக்கி மூடியிருந்தது. பீவி அவர் கன்னத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாங்க.

"சரி, உறிஞ்சட்டும். நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி என் கையால கரைச்ச நன்னாரி சர்பத், ஒரு டம்ளர் குடிக்கட்டும். குடிச்சிட்டு வாயைத் தொறந்து காட்டட்டும். அப்பறம் எவ்வளவு கல்லு வேணும்னாலும் எடுக்கட்டும்."

சித்தர் தலையாட்டி மறுத்தார். வாயைத் தொறக்காமலே விரதம்னு சைகை காட்டினார்.

"நேத்து எங்க வூட்ல நண்டுக் குழம்பு மூணு தபா ஊத்திக்கினியே சாமி!" என்றாள் நாகம்மாள், பக்தியோடதான்.

"குடி சாமி! பீவிம்மா ஆசையா கொண்டாந்துகீறாங்க!" கூட்டம் கூச்சல் போட்டது. சடையன் பரவசத்துல அவர் தாடையைத் தூக்கி டம்ளரைச் சாய்ச்சிட்டான்.

மடக்!

சித்தர் கண்ணு ரெண்டும் வெளியே வந்தது. தொண்டையைப் புடிச்சார். எச்சில் ஒழுகுது, விழுங்க முடியல. ஜனம் பதறிச்சு. நாகம்மாள் லேசுப்பட்டவளா? பித்தளைக் குழலை எடுத்து அவர் தொண்டைமேல வச்சு ஒரு உறிஞ்சு உறிஞ்சினா பாருங்க! காத்துதான் வந்தது. சடையன் உறிஞ்சினான். காத்து. வரிசையில நின்ன நோயாளிங்ககூட ஆளுக்கொரு தபா முயற்சி பண்ணாங்க.

"அடப் பாவிங்களா, வுடுங்கடா!" என்று கரகரத்தார் சித்தர். "வாயில வச்சிருந்த கல்லு மாட்டிக்கிச்சு... மெட்ராஸ் ஆஸ்பத்திரி... குழாய்!"

சடையன் மூஞ்சி சுண்டிப் போச்சு.

"சாமிக்குன்னா ஆஸ்பத்திரிக் குழாய், என் பொஞ்சாதிக்கு ஊதுகுழலா? கஸ்மாலம்!" அழுதுகிட்டே ராஜாத்தியை வாரித் தூக்கித் தோணியில கிடத்தினான். பீவி சொன்னதால சித்தரையும் ஒரு ஓரமா ஏத்தினாங்க.

மெட்ராஸ்ல ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டர். ராஜாத்தி வாய் வழியா விளக்கு வச்ச குழாயை இறக்கி, பித்தக் குழாயோட வாயைக் கொஞ்சம் கீறி, குட்டிக் கம்பி வலை ஒண்ணை விட்டுக் கல்லை இழுத்துட்டார். குடலையும் அறுக்கல, வயித்தையும் கிழிக்கல. வந்தது பழுப்பு நிறம், விரல்ல நசுக்கினா சேறு மாதிரி உதிருது. சித்தர் தொண்டையிலேர்ந்து வந்தது வெள்ளை வெளேர்னு ரெண்டு பன்னாக் கல்லு. தாம்பாளத்துல டிங், டிங். அதோட ராத்திரியோட ராத்திரியா ஆள் கம்பி நீட்டிட்டார்.

மஞ்சள் தெளிஞ்சு ராஜாத்தி ஊர் திரும்பினா. வாசல்ல ஒரு கும்பல், வெத்தலைபாக்குத் தட்டோட! நாகம்மாள்தான் முன்னாடி.

"குழாயையே முழுங்கின வாயி, ராஜாத்தி! என் வயித்துல ஒரு தபா ஊதேன், நல்லாயிருப்பே."

ராஜாத்தி தட்டை வாங்கி, அப்படியே குப்பையில கொட்டினா.

"தலைக்குள்ள கல்லு வச்சிக்கினு அலையறது பன்னாவுக்குச் சரிமே. உங்களுக்கு இன்னாத்துக்கு? என் கல்லை டாக்டர் எடுத்தார். உங்க மண்டையில கீறதை எடுக்க எந்த ஊர்லயும் குழாய் இல்ல. நீங்களே யோசிச்சு எடுத்தாத்தான் உண்டு!"