சிவப்பு டேப்பின் அடியில் இருந்த சீட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் மாப்பிள்ளை நலம், உங்கள் கார் நலம். இந்த மூன்றும் ஒரே நாளில் உண்மையாக இருப்பது பத்து நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான். நீங்களும் அண்ணியும் மகள் வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் என்றால் நீங்கள்தான் பேசுவீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் காரை எங்களிடம் விட்டுப் போனபோது, கூடவே ஐந்து பக்கத்துக்குக் குறிப்பும் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்ய வேண்டும், கண்ணாடியை இன்ன துணியால் துடைக்க வேண்டும், கதவை அறைந்து சாத்தக் கூடாது என்று இருபத்திரண்டு கட்டளைகள், பக்கத்துக்குப் பக்கம் உங்கள் கையெழுத்து. நான் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவரோ டாக்டர் சீட்டைப் படிப்பது போல வரி விடாமல் படித்தார். இருபத்தாறு வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறவர். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்வதுதான் அவர் தொழில். லேபிளைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் கடையைத் திறக்கவே முடியாது என்பார். சந்தேகப்படுவதற்கு வீட்டில் நான் இருக்கிறேன்.

போன மாதம் மழையில் மூன்று வாரம் ஸ்டார்ட் செய்யாமல் விட்டுப்போய், பேட்டரி இறங்கிவிட்டது. அவரே கழற்றி, கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றி, ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவே வைத்துக் கைக்குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார். கழற்றும்போது எந்த வயர் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து வைத்தீர்களா என்று கேட்டேன். “எதுக்கு? அதான் பதினாலாம் நம்பர்ல இருக்கே” என்றார். உங்கள் பதினாலாம் நம்பர் உங்களுக்கு நினைவிருக்கும்: ‘சிவப்பு என்றால் பிளஸ். இதுகூடத் தெரியாதவர்கள் பானெட்டைத் திறக்க வேண்டாம்.’ உள்ளே இரண்டு வயர். ஒன்று மங்கியிருந்தாலும் சிவப்பு, இன்னொன்று கன்னங்கறுப்பு. சிவப்பைப் பிளஸ்ஸுக்குக் கொண்டுபோனால் வளையம் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. கறுப்பு மைனஸ்ஸில் லொடலொடவென்று ஆடுகிறது. “பொருந்தலையே, மாத்தி வச்சுப் பாருங்களேன்” என்றேன். “உங்க அண்ணன் தெளிவா எழுதியிருக்காரும்மா” என்று சொல்லி, இறங்காத வளையத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி இறக்கினார். ஆடுகிற வளையத்துக்கு மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளை மடித்து அடை கொடுத்தார். தலைவலி மாத்திரை. ‘பட்’ என்று ஒரு பொறி பறந்தது, பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தது, பிறகு சாவியைத் திருப்பினால் ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு அமைதியான காரை நான் பார்த்ததே இல்லை.

மறைக்கத் தெரியாத மனிதர் என்பதால் அந்த நிமிடமே உங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். நீங்கள் பத்தே நிமிடத்தில் குடும்பக் குழுவில் போட்டீர்கள்: “மாப்பிள்ளைக்கு மாத்திரை எண்ணத்தான் வரும். என் காருக்குச் சங்கு ஊதிட்டாரு.” அதற்குப் பதினோரு பேர் சிரித்திருந்தார்கள். நம் சின்னத் தங்கையின் வீட்டுக்காரர் மூன்று தடவை சிரித்திருந்தார். இவர் அதைக் கடையில், ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கும்போது படித்திருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. கேட்டதற்குப் பதில் வரும், அதற்கு மேல் வராது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஊர் திரும்பி வந்து இறங்கும்போது எதிரே நிற்காமல் இருக்க, அன்றைக்குக் கடையில் சரக்கு வருகிறது என்று ஒரு பொய்யையும் தயார் செய்துவிட்டார். கல்யாணமான நாளாக அவர் சொல்ல முயன்ற முதல் பொய். அதுவும் சுமார்தான்.

இதற்குள் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. முதலில் வந்தவர் எதிர்வீட்டுக்காரர். லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எதைப் பற்றிப் பேசினாலும் “முப்பது வருஷ சர்வீஸ்ல சொல்றேன்” என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் தெருவில் அவர் பெயரே முப்பது வருஷம். பானெட்டுக்குள் தலையை விட்டு, “ஸ்டார்ட்டர் போச்சு. தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்” என்றார். ஒரு விளக்குகூட எரியாத காரைத் தள்ளினால் மட்டும் எப்படி ஸ்டார்ட் ஆகும் என்று கேட்டேன். “நீங்க காலேஜ்ல கணக்கு சொல்லிக் குடுக்கிறவங்க, இது வேற” என்றார். நான் சொல்லிக்கொடுப்பது புள்ளியியல். இரண்டு ஆண்கள் ஒரு பானெட்டைச் சுற்றி நின்றால் மூன்று தவறான முடிவுகள் வரும் என்பதை அதற்கு முன் நான் கணக்கில் எடுத்ததில்லை. என்னை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து அவரும் இவரும், பார்சல் கொடுக்க வந்து மாட்டிக்கொண்ட ஒருவரும் தள்ளினார்கள். தெரு சரிவு என்பதால் கார் போய்க்கொண்டே இருந்தது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. முனையில் முடிதிருத்தும் கடை வாசலில் நிறுத்தினேன். திரும்ப மேட்டில் தள்ள யாருக்கும் தெம்பில்லை. பார்சல்காரர் கையெழுத்துகூட வாங்காமல் ஓடிவிட்டார்.

அங்கேயே இரண்டு நாள் நின்றது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். “அட, இருக்கட்டும் மேடம். கார் என்னாச்சுன்னு பாக்க வர்ற ஆளுங்கள்ல பாதிப் பேர் அப்படியே ஷேவிங்குக்கு உக்காந்துடறாங்க” என்றார். உங்கள் காரால் ஒருவருக்காவது பயன் கிடைத்தது.

மூன்றாம் நாள் நானே தேடிப்போய் ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தேன். அதிகம் பேசாத ஆள். எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் பார்த்தார். முதலில் மாத்திரைத் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒரு பெரிய ஃபியூஸைப் பிடுங்கி, உள்ளே கருகியிருப்பதைக் காட்டினார். “பேட்டரி தலைகீழா மாட்டியிருக்குக்கா. இது செத்ததாலதான் மத்ததெல்லாம் பொழச்சுது.” புது ஃபியூஸ் போட்டு, வயர்களை மாற்றி மாட்டி, சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள், ஒருவர் பாதி முகத்தில் சோப்போடு. முப்பது வருஷம், “நான் முதல்லயே ஃபியூஸ்னுதானே சொன்னேன்” என்றார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்காது அண்ணா. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “இது பாடிக்குப் போற எர்த் வயரு, மைனஸ். இதுக்குப் போயி சிவப்பு டேப் சுத்தின மகராசன் யாருக்கா?” பிளஸ் வயரைத் துணியால் அழுத்தித் துடைத்தார். பத்து வருட எண்ணெய் அழுக்குக்குக் கீழே அது சிவப்பு. மைனஸில் இருந்த டேப்பைப் பிரித்தார். உள்ளே நல்ல கறுப்பு வயர், ஓரிடத்தில் மட்டும் உறை கிழிந்திருந்தது. கூடவே ஒரு காகிதச் சீட்டும் விழுந்தது. எதில் டேப் சுற்றினாலும் அடியில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சீட்டு வைக்கிற ஒரே மனிதரை நமக்கெல்லாம் தெரியும். குடைப் பிடியிலும் குழாய்க் கழுத்திலும் பார்த்த அதே கையெழுத்து. தேதி ஒன்பது வருடத்துக்கு முந்தியது. கறுப்பு டேப் தீர்ந்துபோனால் கடைக்குப் போக வேண்டும். மைனஸ் வயர் கிழிந்தால் கைக்குக் கிடைத்த சிவப்பை எடுத்துச் சுற்றும் புத்தி யாருக்காவது வருமா? அதைச் செய்துவிட்டு, சிவப்பு என்றால் பிளஸ் என்று பதினாலாம் நம்பர் வேறு.

இவர் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, காலாவதி தேதி பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். “விடும்மா. பொருந்தலைன்னு தெரிஞ்சும் நெம்பினது நான்தானே” என்றார். சாயங்காலம் கடை பில்லின் பின்பக்கத்தில் உங்களுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதை நான் எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். அது உங்களுக்கு வராது. அதற்குப் பதிலாக உங்கள் டேப்பையும் சீட்டையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். நான் கேட்பது ஒரே ஒரு வரி. பதினோரு பேர் சிரித்த அதே குழுவில், டேப் சுற்றியது நான்தான் என்று நீங்கள் எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள். எழுதினால் அவர் உங்களை அழைத்துவர அதே காரில் வருவார். எழுதாவிட்டால் நான் வருவேன், வழி நெடுக இதைப் பற்றியே பேசுவேன்.

அண்ணிக்கு என் அன்பு. பேரனுக்கு முத்தம். மூத்தவர் என்பதால் உங்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
காரைப் பத்திரமாகத் திருப்பித் தரப்போகும் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுமுன் அவர் இதைப் படித்துவிட்டார். பத்து நாளில் முதல் முறையாகச் சிரித்தார். “அன்னைக்குக் கறுப்பு டேப் தீந்துபோச்சுன்னு உங்க அண்ணன் கடைக்குக் கிளம்பினாரு. நீதான் காலேஜ் பையிலேர்ந்து இந்த சிவப்பு டேப்ப எடுத்துக் குடுத்து, வயருக்கு எதுக்கு அண்ணா கலரு, சும்மா சுத்துங்கன்னு சொன்னே. சீட்டப் பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்துடுச்சு” என்றார். பின்னே ஏன் சொல்லவில்லை என்றேன். “ஒரு மன்னிப்புல முடியறத எதுக்கு மூணாக்கணும்னுதான்” என்றார். இதை எல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். ஆனால் உங்களைப் பற்றி மேலே எழுதியதில் எதுவும் பொய்யில்லை, ஆகவே அப்படியே அனுப்புகிறேன். சிவப்பு டேப்பை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று குழுவில் முதல் வரியை நான் போட்டுவிட்டேன். இதுவரை யாரும் சிரிக்கவில்லை, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டாவது வரி உங்களுடையது.